ஒன்பது அணிகளும் முப்பத்திரண்டு அணிகளும்: காசு கொடுத்துப் பார்ப்பவன் ஒருவனின் மதிப்பீடு

உதைபந்தாட்டமும் கிரிக்கெற்றும் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு வட அமெரிக்க ஃபுட்போல் இலகுவில் பிடிபடுவதில்லை. ரொறன்ரோவுக்கு வந்து நெடுங்காலம் வரையில், தலைக்கவசம் போட்ட ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து எழும்பும் ஒரு சடங்காகத்தான் அது எனக்கும் தெரிந்தது. இப்போது நிலைமை வேறு. எல்லைக்கு அப்பாலுள்ள என்.எஃப்.எல். (அமெரிக்காவின் தேசிய ஃபுட்போல் லீக்), எல்லைக்கு இப்பாலுள்ள சி.எஃப்.எல். (கனேடிய ஃபுட்போல் லீக்) ஆகிய இரண்டுக்கும் ஆண்டுதோறும் பணம் கட்டிப் பார்க்கிறேன். ஆகவே இரண்டையும் வாடிக்கையாளன் ஒருவன் விலைகொடுத்து வாங்கும் சேவைகளாகவே இங்கு மதிப்பிடுகிறேன். சி.எஃப்.எல். தனது பத்தாவது அணியை எந்த நகரத்துக்குக் கொடுப்பது என்று நாற்பது ஆண்டுகளாக இழுபடும் வழக்கையும் இதற்குள் சேர்த்துக்கொள்கிறேன். ஒரு லீக் எந்த ஊருக்குப் போகிறது, எந்த ஊரைக் கைவிடுகிறது என்பதைப் பார்த்தால், அது தன் பார்வையாளரை எந்த இடத்தில் வைத்திருக்கிறது என்பது விளங்கிவிடும்.

முதலில் ஆட்டம். கனேடிய மைதானம் 110 யார்ட் நீளமும் 65 யார்ட் அகலமும் கொண்டது. இரண்டு அந்தங்களிலும் 20 யார்ட் ஆழத்துக்குப் புள்ளி எடுக்கும் பரப்பு உண்டு. அமெரிக்க மைதானம் 100 யார்ட் நீளம், 53 யார்ட் சொச்சம் அகலம். அந்தப் பரப்பு வெறும் 10 யார்ட். இங்கே பக்கத்துக்கு 12 பேர், அங்கே 11 பேர். ஆனால் இந்த அளவுகள் எல்லாவற்றையும்விட ஆட்டத்தின் குணத்தைத் தீர்மானிப்பது முயற்சிகளின் எண்ணிக்கைதான். பந்தைப் பத்து யார்ட் முன்னகர்த்த என்.எஃப்.எல். நான்கு முயற்சிகள் தருகிறது, சி.எஃப்.எல். மூன்றே தருகிறது. முதல் முயற்சியில் ஓடி இரண்டு யார்ட் மட்டும் பெற்ற அணிக்கு, உதைத்துக் கொடுத்துவிடுமுன் உண்மையில் மிஞ்சுவது ஒரே ஒரு வாய்ப்பு. அதனால் எறிந்துதான் ஆகவேண்டும். எறிவதற்கு வசதியாக மைதானமும் விரிந்து கிடக்கிறது, பந்து வாங்குபவர்கள் ஒவ்வொரு முயற்சியும் தொடங்குமுன்னரே முன்னோக்கி ஓடிவரவும் விதி இடம் கொடுக்கிறது. உதைத்து வரும் பந்தைக் கையை உயர்த்திப் பத்திரமாகப் பிடித்து நிற்கும் சலுகை கனடாவில் கிடையாது. ஐந்து யார்ட் இடைவெளி மட்டும் கொடுப்பார்கள். அதற்குப் பிறகு அவரவர் கால்களின் கெட்டித்தனம்.

இந்த விதிகளில் விசித்திரமானது 'ரூஜ்' எனப்படும் ஒற்றைப் புள்ளி. அக்காவின் மகனை முதன்முறையாக ரொறன்ரோவின் பி.எம்.ஓ. அரங்குக்கு அழைத்துப் போன மாலையில், கம்பங்களுக்கு நடுவே போகவேண்டிய உதை விலகி, பின்கோட்டையும் தாண்டி வெளியே போனது. உதைத்த அணி தலையில் கைவைக்கும் என்று எதிர்பார்த்தவனுக்கு, பலகையில் ஒரு எண் கூடியதைக் கண்டதும் பொறுக்கவில்லை. "மாமா, அடிச்சது வெளியால போட்டுது. பிறகென்னத்துக்கு அவங்களுக்கு ஒரு புள்ளி?" என்று கேட்டான். எதிரணி பந்தைத் தன் பரப்பிலிருந்து வெளியே கொண்டுவர முடியாமைக்கான தண்டம் அது என்று விளக்கிப் பார்த்தேன். அவன் முகத்தில் நம்பிக்கை வரவில்லை. அவனுடைய கட்சிதான் கடைசியில் வென்றது. 2026 பருவத்திலிருந்து, தவறிய உதை அப்படியே வெளியே போனால் புள்ளி இல்லை என்று லீக் விதியை மாற்றிவிட்டது.

என்.எஃப்.எல்., பண்டமாகப் பார்த்தால், மெருகு குன்றாதது. ஒளிபரப்பின் தரம், நடுவர் முடிவைப் பல கோணங்களில் காட்டும் விதம், வியாழன் முதல் திங்கள் வரை நேர அட்டவணையை ஒழுங்கு பண்ணியிருக்கும் நேர்த்தி எதிலும் குறை சொல்ல முடியாது. 17 ஆட்டங்களில் ஓர் அணி 14 வெவ்வேறு அணிகளைச் சந்திக்கிறது; ஒன்பதே அணிகள் கொண்ட சி.எஃப்.எல். இல் 18 ஆட்டங்களையும் எட்டு எதிராளிகளோடு முடிக்கவேண்டியிருப்பதால், ஒரே அணியை ஒரு கோடையில் மூன்று தடவை பார்த்துச் சலிப்படைய நேர்கிறது. ஆனால் என்.எஃப்.எல். ஆட்டத்தை அரங்கில் போய்ப் பார்ப்பவர்களுக்கு ஒரு பெரிய குறை உண்டு. செம்மஞ்சள் நிறத்தில் நீண்ட கையுறை போட்ட ஒருவர் கோட்டருகே வந்து நிற்பார்; அவர் நிற்கும் வரை தொலைக்காட்சியில் விளம்பரம் ஓடுகிறது என்று பொருள். டிசெம்பர் குளிரில் எழுபதாயிரம் பேர் அவருடைய கையை பார்த்துக்கொண்டு நிற்பது ஒரு காட்சிதான். அமெரிக்க நாளேடு ஒன்று 2010 இல் கணக்கிட்டுப் பார்த்தபோது, மூன்று மணித்தியாலத்துக்கு மேற்பட்ட ஒளிபரப்பில் பந்து உயிரோடு இருந்த நேரம் சுமார் 11 நிமிடங்கள் என்று கண்டது. அரங்கில் இருந்து பார்த்தவன் என்ற முறையில் அந்தக் கணக்கு எனக்கு ஆச்சரியம் தரவில்லை.

பணத்தின் பக்கம் போனால் இரண்டு லீக்குகளும் ஒரே தொழிலில் இருக்கின்றன என்று நம்புவதே கடினம். 2024 இல் என்.எஃப்.எல். அணி ஒன்றுக்கான சம்பள உச்சவரம்பு 255.4 மில்லியன் அமெரிக்க டொலர். அதே ஆண்டில் சி.எஃப்.எல். அணிக்கு ஐந்தரை மில்லியன் கனேடிய டொலர் அளவில். 2021 இல் கையெழுத்தான தொலைக்காட்சி ஒப்பந்தங்கள் பதினொரு பருவங்களுக்கு 100 பில்லியன் டொலரைத் தாண்டுகின்றன, அந்தத் தேசிய வருமானம் 32 அணிகளுக்கும் சரிசமமாகப் பங்கிடப்படுகிறது. சுமார் ஒரு லட்சம் பேர் மட்டும் வாழும் கிரீன் பே நகரின் பக்கர்ஸ் அணி, பங்குதாரரான பொதுமக்களுக்குச் சொந்தமானது என்பதால் ஆண்டுக்கணக்கை வெளியிடுகிறது; அதிலிருந்து பார்த்தால் ஓர் அணிக்கு இப்படி வரும் பங்கு இப்போது ஆண்டுக்கு 400 மில்லியன் டொலருக்கு மேல். சிறிய ஊர் அணி நியூயோர்க் அணியோடு சமமாக மோத முடிவது இந்தப் பங்கீட்டால்தான். என்.எஃப்.எல். இல் நான் மனமார மெச்சும் ஏற்பாடும் இதுவே.

ஆனால் இதே ஏற்பாடு இன்னொரு விளைவையும் தருகிறது. எந்த ஊரில் இருந்தாலும் பெரும் வருமானம் உறுதி என்ற பின்னர், உரிமையாளருக்கு ஊரைக் காட்டிலும், சிறந்த அரங்கும் அதைக் கட்டித்தரும் அரசாங்கமும்தான் முக்கியமாகின்றன. 1996 இல் பிரௌன்ஸ் அணி கிளீவ்லாந்தை விட்டு பால்டிமோருக்குப் போனது. நகரம் வழக்காடிப் பெயரையும் நிறத்தையும் வரலாற்றையும் தன்னிடமே வைத்துக்கொண்டதால், 1999 இல் அதே பெயரில் புதிய அணி ஒன்று அங்கே வந்தது. செயின்ட் லூயிஸ் 1988 இல் கார்டினல்ஸ் அணியை இழந்து, பொதுப்பணத்தில் அரங்கு கட்டி 1995 இல் ராம்ஸ் அணியை வரவழைத்தது. 2016 ஜனவரியில் உரிமையாளர்கள் 30க்கு 2 என்று வாக்களித்து ராம்ஸைத் திரும்ப லொஸ் ஏஞ்சலஸுக்கு அனுப்பினார்கள். அணி போன பின்னரும் அரங்குக் கடனின் தவணை போகவில்லை. நகரம் தொடுத்த வழக்கு 2021 இல் 790 மில்லியன் டொலருக்குச் சமரசமானது. ஓக்லாந்திடமிருந்து ரைடர்ஸ் இரண்டாவது தடவையாகப் பிரிந்து 2020 இல் லாஸ் வேகஸில் ஆடத் தொடங்கியதற்குப் பின்னால், அங்கே விடுதி அறை வரியிலிருந்து அரங்குக்கு ஒதுக்கப்பட்ட 750 மில்லியன் டொலர் இருந்தது. எருமைநகர் என்று நாங்கள் வேடிக்கையாகச் சொல்லும் பஃபலோவின் புதிய அரங்குக்கும் மாநிலமும் மாவட்டமும் சேர்ந்து 850 மில்லியன் டொலர் கொடுக்கின்றன. அத்தனைக்கும் பிறகு பருவச்சீட்டு வாங்கும் ரசிகர், அந்தச் சீட்டை வாங்குவதற்கான உரிமத்துக்கு வேறாக ஒரு தொகை கட்டவேண்டும். சீட்டுக்கு விலை, சீட்டு வாங்கும் தகுதிக்கும் விலை! வாடிக்கையாளன் என்ற முறையில் எனக்கு இது மிக மோசமான அம்சம்.

என்.எஃப்.எல். ரொறன்ரோவுக்கு வரவேண்டும் என்று அடம்பிடிக்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களுக்கு நான் நினைவூட்டுவது 2008 முதல் 2013 வரை பஃபலோ பில்ஸ் ஆண்டுக்கொரு பருவ ஆட்டத்தை இங்கே வந்து ஆடிய பரிசோதனையை. ரொஜர்ஸ் நிறுவனம், பருவத்துக்கு முந்திய ஆட்டங்களும் சேர்த்து எட்டு ஆட்டங்களுக்கு 78 மில்லியன் டொலர் கொடுத்துத் தொடங்கிய அந்த முயற்சியில் பில்ஸ் வென்றது ஒரே ஒரு பருவ ஆட்டம், தோற்றது ஐந்து. 2012 இல் சியாற்றிலிடம் 50க்கு 17 என்று தோற்றதை, நண்பர் ஒருவர் கையில் திணித்த சீட்டில் போய்ப் பார்த்தேன். என் வரிசையில் பில்ஸ் சட்டையோடு இருவர்தான் இருந்தார்கள். மற்றவர்கள் பத்துப் பன்னிரண்டு அணிகளின் சட்டைகளில் வந்திருந்தார்கள். யாருடைய அணியும் அங்கே ஆடவில்லை என்பது போல அரங்கு அமைதியாக இருந்தது. 2014 இல் பெகுலா குடும்பம் 1.4 பில்லியன் டொலருக்கு அணியை வாங்கியதோடு அந்தத் தொடர் கைவிடப்பட்டது. இதற்கு நாற்பது ஆண்டு முன்பு, 1974 இல், உலக ஃபுட்போல் லீக் என்ற புதிய அமைப்பு 'நோர்த்மென்' என்ற அணியை ரொறன்ரோவில் நிறுத்த முயன்றபோது, கனேடிய மத்திய அரசு அதைத் தடுப்பதற்கென்றே ஒரு சட்டமூலத்தைக் கொண்டுவந்தது. சட்டமூலம் நிறைவேறுமுன்னரே அணி மெம்ஃபிஸுக்குப் போய்விட்டது. அன்று நாடாளுமன்றம் வரை போய்க் காப்பாற்றப்பட்ட ரொறன்ரோவின் சி.எஃப்.எல். அணியான ஆர்கோநோட்ஸ், இன்று இதே ஊரில் பாதி நிறைந்த இருக்கைகளுக்கு முன்னால் ஆடுகிறது. 1873 இல் தொடங்கிய கழகம், சி.எஃப்.எல். இன் வாகைக்குரிய கிரே கிண்ணத்தை 2022 இலும் 2024 இலும் வென்ற அணி என்று சொன்னாலும், என் அலுவலகத்தில் பாதிப்பேருக்கு அது செய்தியாகவே இருக்கிறது.

சி.எஃப்.எல். தானும் ஒருகாலம் எல்லை தாண்டிப் போய்ப் பார்த்தது. 1993 இல் சாக்ரமென்ரோவில் தொடங்கி மூன்று பருவங்கள் நடந்த அந்த விரிவாக்கத்தை இன்றைக்கு எல்லோரும் கேலிக்கு எடுத்துக்கொள்கிறார்கள். கேலிக்கு இடம் இருக்கத்தான் செய்தது. லாஸ் வேகஸ் அணி சூதாட்ட விடுதி ஒன்றின் வாகனத் தரிப்பிடத்தில் பயிற்சி எடுத்தது. பார்வையாளர் வராததால் அதன் கடைசி 'சொந்த ஊர்' ஆட்டத்தை எட்மன்டனுக்கே மாற்றினார்கள். மெம்ஃபிஸில் அரங்குக்குள் கனேடிய மைதானம் அடங்காமல், புள்ளி எடுக்கும் பரப்பை வெட்டிக் குறுக்கினார்கள். ஆனால் அதே பட்டியலில் பால்டிமோரும் இருந்தது. 1984 மார்ச்சில் ஓர் இரவோடிரவாகப் பாரவண்டிகளில் சாமான் ஏற்றி கோல்ட்ஸ் அணி இண்டியானாபொலிஸுக்குப் போன பின், பத்து ஆண்டுகள் அணியில்லாமல் இருந்த ஊர் அது. சி.எஃப்.எல். அணிக்குக் கோல்ட்ஸ் என்று பெயர் வைக்கக் கூடாது என்று என்.எஃப்.எல். நீதிமன்றம் போய்த் தடுத்தது. அறிவிப்பாளர் "உங்கள் பால்டிமோர் சி.எஃப்.எல்..." என்று சொல்லி நிறுத்துவார், மிச்சச் சொல்லை அரங்கு முழுவதும் சேர்ந்து கத்தும். 1995 இல் அந்த அணி கிரே கிண்ணத்தையும் வென்றது, கிண்ணம் வென்ற ஒரேயொரு அமெரிக்க அணி என்ற பெயரோடு. அடுத்த ஆண்டே பிரௌன்ஸ் அணி பால்டிமோருக்கு வந்துசேர, இவர்கள் மொன்றியலுக்கு இடம்பெயர்ந்து அலூயெற்ஸ் அணியாக மறுபிறவி எடுத்தார்கள்.

இங்கிருந்துதான் என் கட்சியைச் சொல்கிறேன். ஒரு நகரத்தின் சனத்தொகையைப் பார்த்து அணி கொடுப்பது ஏமாற்றம். அளவான அரங்கு ஏற்கெனவே இருக்கிறதா, அந்த ஊர்ச்சனம் கோடை, இலையுதிர்கால மாலைகளில் ஃபுட்போலுக்குப் போய்ப் பழகியிருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளே போதும். சஸ்காச்சுவான் மாகாணத் தலைநகர் றெஜைனாவின் சனத்தொகை இரண்டேகால் லட்சம் அளவில்தான். ஆனால் 2017 இல் திறந்த 33,000 இருக்கை அரங்கில், தர்ப்பூசணிப் பழத்தைக் குடைந்து தலையில் கவிழ்த்துக்கொண்டு வருவோரைப் பார்த்தால், மாகாணம் முழுவதும் அங்குள்ள ரஃப்ரைடர்ஸ் அணியின் ஊராக இருப்பது தெரியும். அந்தக் கழகமும் சமூகத்துக்கே சொந்தமானது. ரொறன்ரோவில் ஆர்கோநோட்ஸுக்கு எதிராக அவர்கள் ஆடவரும்போது பச்சைச் சட்டைகள் சிலவேளை நீலச் சட்டைகளுக்குச் சமமாக இருக்கின்றன. பழக்கம் இருந்தால் ஒரு தடவை இரண்டு தடவை அணி முறிந்தாலும் ஊர் திரும்ப எழும்பும் என்பதற்கு ஒட்டாவா சாட்சி: 1996 இல் ஒட்டாவாவின் ரஃப் ரைடர்ஸ் மூடப்பட்டது, 2002 இல் வந்த ரெனகேட்ஸ் நான்கே பருவங்களில் முடிந்தது, அரங்கைத் திருத்திக்கொண்டு 2014 இல் வந்த ரெட்பிளக்ஸ் இரண்டே ஆண்டில் கிண்ணம் எடுத்தது.

ஹலிஃபக்ஸ்தான் பத்தாவது அணிக்குரிய ஊர் என்பது நாட்டுப்பற்றுள்ள பலரின் முடிவு. கரைக்குக் கரை லீக் என்று சொல்லிக்கொண்டு அத்திலாந்திக் மாகாணங்களை விட்டுவைப்பது அழகில்லைத்தான். 1982 இலேயே 'அத்திலாந்திக் ஸ்கூனர்ஸ்' என்ற பெயரில் நிபந்தனையோடு அணி கொடுக்கப்பட்டது. அரங்கு வராததால் அணி ஒரு ஆட்டமும் ஆடவில்லை. 2018 இல் பெயரை மீண்டும் தூசு தட்டி எடுத்தார்கள், நகரசபையும் நிபந்தனைகளோடு உதவ முன்வந்தது, பெருந்தொற்று வந்தது, அரங்கு வரவில்லை. 2023 ஜூலையில் செயின்ட் மேரிஸ் பல்கலைக்கழக மைதானத்தில் ஆர்கோநோட்ஸும் ரஃப்ரைடர்ஸும் ஆடிய ஆட்டத்துக்குச் சனம் ஆசையோடுதான் வந்தது, ஆனால் ஆண்டுக்கு ஒரு திருவிழாவுக்குக் கூடுவதும், ஒன்பது ஆட்டங்களுக்கும் சீட்டு எடுப்பதும் ஒன்றாகாது.

என் வாக்கு கியூபெக் நகரத்துக்கு. லவால் பல்கலைக்கழகத்தின் 'ரூஜ் எ ஓர்' அணி, பல்கலைக்கழக அணிகளுக்கான வானியர் கிண்ணத்தைப் பத்துத் தடவைக்கு மேல் வென்றிருக்கிறது. கனடாவில் பல்கலைக்கழக ஃபுட்போலுக்கு அவ்வளவு சனம் வழமையாக வருவது அங்கேதான். பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல் கொள்ளும் அரங்கு கையில் இருக்கிறது, அதைப் பெருப்பிப்பது புதிதாகக் கட்டுவதைவிட மலிவு. மொன்றியலோடு உள்ள பழைய பகையை 1995 இல் தன் ஹொக்கி அணி கொலராடோவுக்குப் போனபோது ஊர் புதைத்துவிட்டு நிற்கிறது. அதைத் தோண்டி எடுக்க ஒரு அணி வந்தால் போதும். எதிர்க்கட்சியின் வாதமும் எனக்குத் தெரியும். ஹொக்கி அணியைத் திரும்பக் கூப்பிடவென்று பொதுப்பணத்தில் கட்டி 2015 இல் திறந்த பெரிய அரங்குக்கு இன்றுவரை தேசிய ஹொக்கி லீக் வரவில்லை. அந்த வரிப்பணத்தை நினைத்திருக்கும் ஊரிடம் இன்னொரு தடவை கை நீட்டுவது எளிதாக இராது. அத்தோடு மொன்றியல் அணியின் ரசிகர் கூட்டத்திலும் ஒரு பங்கு உடையும். அப்படி இருந்தும், பத்தாவது அணி வந்தால் ஒவ்வொரு வாரமும் ஓர் அணி சும்மா இருக்கும் இன்றைய அவலம் முடியும் என்பதற்காகவாவது அதை நான் விரும்புகிறேன்.

யு.எஃப்.எல். பற்றிச் சிறிது. எக்ஸ்.எஃப்.எல்., யு.எஸ்.எஃப்.எல். ஆகிய இரண்டு அமெரிக்க லீக்குகளும் சேர்ந்து 2024 இல் எட்டு அணிகளோடு உருவான இந்த வசந்தகால லீக்கைத் தொலைக்காட்சியில் ஓசியில் பார்க்கலாம், அதற்கு மேல் பணம் செலவழிக்க நான் தயாரில்லை. செயின்ட் லூயிஸ் மட்டும் விதிவிலக்கு: ராம்ஸ் விட்டுப்போன அதே அரங்கில் முப்பதாயிரம் பேர் அளவில் வந்து குந்துகிறார்கள், மற்ற ஊர்களில் குரல் எதிரொலிக்கிறது. 2026 பருவத்துக்கு மெம்ஃபிஸ், மிச்சிகன், சான் அன்ரோனியோவை விட்டுவிட்டு கொலம்பஸ், லூயிவில், ஓர்லாண்டோவுக்குப் போனார்கள், உதைபந்தாட்டத்துக்கென்று கட்டிய சிறிய அரங்குகளைத் தேடி. அளவான அரங்கு என்ற பாடம் ஏறியிருக்கிறது. பழக்கம் வருவதற்கு ஊரில் தொடர்ந்து சில ஆண்டுகளாவது இருக்கவேண்டுமே.

சி.எஃப்.எல். உம் அரங்கின் அளவை எண்ணித்தான் மைதானத்தில் கைவைத்திருக்கிறது போலும். 2027 இலிருந்து நீளம் 110 யார்ட்டிலிருந்து 100 ஆகவும், இரு அந்தங்களிலுமுள்ள புள்ளி எடுக்கும் பரப்புகள் 20 இலிருந்து 15 ஆகவும் குறைகின்றன. கோல் கம்பங்கள் முன்கோட்டிலிருந்து பின்கோட்டுக்குப் போகின்றன. ஆக மொத்தம் 150 யார்ட், 130 யார்ட்டாகச் சுருங்குகிறது. பி.சி. லயன்ஸ் அணியின் நேதன் ரூர்க் உட்பட ஆட்டக்காரர்கள் வெளிப்படையாகவே எதிர்த்தார்கள். எனக்கும் அந்த நீண்ட மைதானம் பிடிக்கும்; ஆனால் பி.எம்.ஓ. அரங்கில் புள்ளி எடுக்கும் பரப்பு ஏற்கெனவே 18 யார்ட்டாகக் குறைக்கப்பட்டு, அதன் கடைசிப் பகுதியில் இயற்கைப் புல் முடிந்து செயற்கைப் புல் விரிப்பு தொடங்குவதைப் பார்த்துப் பழகியவன் என்பதால் முழு மூச்சாக எதிர்க்கவும் முடியவில்லை. மூன்று முயற்சிகளும் 12 ஆட்களும் 65 யார்ட் அகலமும் தொடர்கின்றன.

பார்க்கத் தொடங்க விரும்புகிறவர்களுக்கு என் யோசனை: என்.எஃப்.எல். ஐ வீட்டில் தொலைக்காட்சியில் பாருங்கள், ஞாயிறு முழுவதும் போய்விடும் என்பதை மட்டும் வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். சி.எஃப்.எல். ஐ அரங்குக்குப் போய்ப் பாருங்கள், முடிந்தால் சஸ்காச்சுவான் அணி ஆடவரும் நாளாகத் தெரிந்தெடுத்து, புள்ளி எடுக்கும் பரப்புக்குப் பின்னாலுள்ள இருக்கைகளில். அங்கே விலை குறைவு, மைதானம் முழுவதும் விரிவது தெரியும், உதைத்த பந்து சிலவேளை மடியில் வந்து விழும். மருமகன் அடுத்த பருவத்துக்கு அங்கேதான் இடம் பிடிக்கச் சொல்லியிருக்கிறான், 2027 இல் கம்பங்கள் பின்கோட்டுக்கு வந்துவிட்டால் முன்னால் மறைக்கும் என்று முறைப்பாட்டையும் இப்போதே சேர்த்து.